டீக்கனுக்குப் பசிக்கவில்லை

வேலியில் போகிற ஓணானைப் பிடித்து மடியில் விட்டுக்கொண்ட கதைதான் இது என்று என் வீட்டுக்காரர் கிளிஃபோர்ட் சொன்னார். ஓணான் இல்லை, பச்சோந்தி என்று திருத்தினேன்.

"எதுவா வேணா இருக்கட்டும் வெர்லீன். அது இந்த வீட்டுக்குள்ள கால் வெச்சா, நான் வெளிய கால் வெச்சிடுவேன்."

ஆறடிக்கு மேல் உயரம். வாழ்நாள் முழுக்கச் சரக்கு லாரி ஓட்டிய மனிதர். போன பனிக்காலத்தில் நெஞ்சைத் திறந்து தைக்கக் கூட்டிப்போனபோதுகூட நர்ஸிடம் ஜோக் அடித்துக்கொண்டே உள்ளே போனவர். பல்லி இனத்தில் ஏதாவது ஒன்றைக் கண்டால் மட்டும் நாற்காலி மேல் ஏறி நிற்பார். அவரோடு வாதாடிப் பயனில்லை என்று கூண்டை என் பியூட்டி பார்லருக்குக் கொண்டுபோய்விட்டேன்.

அது எனக்குக் கிடைத்தது எங்கள் ஊர் மேக்கனில், ஊர் எல்லையில் கூடும் சனிக்கிழமைச் சந்தையில். ஜீனி என்ற பெண்மணி அங்கே கூடாரம் போட்டிருப்பார். யாரோ ஆசையாக வாங்கி, பிறகு சலித்துப்போய் விட்டுவிட்ட பாம்பு, ஆமை எல்லாவற்றுக்கும் அவர்தான் கதி. காலி செய்துவிட்டுப் போன ஒரு வீட்டின் குளியலறைத் திரையில் இந்தப் பச்சோந்தி தொங்கிக்கொண்டிருந்ததாம். நான் வேடிக்கை பார்க்கத்தான் நின்றேன். ஜீனியின் கையிலிருந்து என் கைமேல் ஒரு கால் வைத்தது. யோசித்தது. இன்னொரு கால் வைத்தது. அப்படியே தோளுக்கு ஏறி வந்து, என் பின்னலை இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டது. எங்களுக்குப் பிள்ளை இல்லை. என்னை அப்படி யாரும் பிடித்துக்கொண்டதில்லை. அதற்கு மேல் யோசிக்க எனக்கு ஒன்றுமில்லை.

"ஒரே ஒரு நிபந்தனை," என்றார் ஜீனி. "புது எடம்னா இதுங்க சாப்பிடாம கெடந்தே செத்துப்போறதும் உண்டு. ஈஸ்டருக்கு முந்தின சனிக்கிழமை தராசோட வருவேன். எடை கூடியிருந்தா உங்களுது. கொறஞ்சிருந்தா கூட்டிட்டுப் போயிடுவேன். அப்போ கோவிச்சுக்கக் கூடாது."

"என் கையால சாப்பிட மாட்டேன்னு சொன்னவங்க இந்த ஊர்லயே கெடையாது," என்றேன். வாய்க்கொழுப்பு, வேறென்ன.

தலையில் தொப்பி கவிழ்த்தது போல ஒரு கொண்டை. கீழ்நோக்கி வளைந்த வாய். ஒரு கண் வாசலைப் பார்க்கும்போதே இன்னொரு கண் உள்ளே இருப்பவர்களைக் கணக்கெடுக்கும். யார் தாமதமாக வருகிறார்கள், காணிக்கைத் தட்டு வரும்போது யார் கண்ணை மூடி ஜெபிக்கிறார்கள் என்று பார்ப்பதற்கென்றே எங்கள் சர்ச்சில் டீக்கன் என்று ஒரு மூப்பர் இருக்கிறார். அச்சு அசல் அதே முகம். அதனால் டீக்கன் என்று பெயர் வைத்தேன். பெயர் வைத்த பிறகு 'அது' என்று சொல்ல நாக்கு வரவில்லை. 'அவர்' ஆகிவிட்டார்.

டீக்கன் சாப்பிடவில்லை.

சுவர்க்கோழிகளைக் கிண்ணத்தில் விட்டேன். அவற்றுக்குக் கேரட்டும் கீரையும் போட்டுக் கொழுக்க வைத்தது வேறு. டீக்கன் ஒரு கண்ணால் பார்த்தார். மறு கண்ணை மூடிக்கொண்டார். கொழுத்த பச்சைப் புழு வாங்கி வந்தேன். அது கிளைமேல் நெளிந்து நெளிந்து அவர் மூக்குக்கு நேராகவே வந்தது. இவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். செம்பருத்திப் பூ வைத்தேன். அது வாடியதுதான் மிச்சம். இலையில் சொட்டும் தண்ணீரை மட்டும் இரண்டு சொட்டு நக்கிவிட்டு, உடம்பைத் தட்டையாக்கி, கறுத்த கோடு கோடாக ஒரு மூலையில் ஒட்டிக்கொண்டார்.

பார்லர் என்றால் ஆலோசனைக்கா பஞ்சம்? வருகிறவர்கள் எல்லாம் கைப்பையைக்கூடக் கீழே வைக்காமல் நேராகக் கூண்டுக்குப் போய் வலையில் மூக்கை வைத்தார்கள். "சாப்பிடு கண்ணு, ஒரே ஒரு வாய்," என்று கெஞ்சினார்கள். எங்கள் சர்ச்சில் வாசலில் நின்று ஆட்களை உட்கார வைக்கும் பெண்களுக்குத் தலைவி சிஸ்டர் ஹேட்டி க்ரென்ஷா. எந்தச் செய்தியும் பாஸ்டருக்குப் போகும் முன் அவரிடம் போகும். அவர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு கூண்டை நெடுநேரம் பார்த்தார்.

"பூச்சிக்கு உப்பு காரம் போட்டியா?"

"பச்சோந்திக்கா, சிஸ்டர்?"

"யாருக்கா இருந்தா என்ன? வெறும் பூச்சியை நீ திம்பியா?"

இரண்டாவது நாற்காலி டவான்டாவுடையது. கை வேலை செய்யும், வாய் அதைவிட அதிகம் வேலை செய்யும். அன்று ஆரஞ்சு நிற விக் வைத்திருந்தாள்.

"உன் தலையைப் பாத்துதாண்டி பயப்படறாரு," என்றேன்.

"என் தலைக்கு என்ன மிஸ் வெர்லீன்? இதை வெச்சுக்கிட்டுதான் ரெண்டு கல்யாணம் பண்ணேன்."

"அந்த ரெண்டு பேரும் எங்கேடி இப்போ?"

கடை முழுக்கச் சிரிப்பு. ஆனாலும் மறுநாள் அவள் கறுப்பு விக் வைத்துக்கொண்டு வந்தாள். டீக்கனுக்காக என்று வாய் திறந்து சொல்லவில்லை. அந்தப் பெண்ணுக்கு வாய்தான் நீளம், மனசு வெண்ணெய். டீக்கன் அப்போதும் சாப்பிடவில்லை.

பல்லி பாம்பு பார்க்கும் மருத்துவரைத் தேடி அட்லான்டா வரை போனேன். வாயைத் திறந்து பார்த்தார், வெளிச்சம் அடித்துப் பார்த்தார், வயிற்றைத் தடவினார். "உடம்புல ஒரு கோளாறும் இல்லைம்மா. எதையோ பாத்து பயப்படறான். பயந்தா இதுங்க சாப்பிடாது. அது என்னன்னு நீங்கதான் கண்டுபிடிக்கணும். எடை நல்லாவே கொறஞ்சிருக்கு, ரொம்ப நாள் தாங்காது." திரும்பி வரும் வழியெல்லாம் எனக்கு அழுகைதான். ஊரில் எல்லோருக்கும் தலை சீவி அனுப்புகிறேன், உள்ளங்கையில் அடங்குகிற ஒரு உயிரின் மனசு எனக்குத் தெரியவில்லையே என்று என்மேலேயே கோபம் வந்தது.

திங்கட்கிழமை கடைக்கு விடுமுறை. ஈஸ்டர் வாரம் ஆரம்பித்துவிட்டது, ஊரே தலையை என்னிடம் நீட்டும், கண்ணாடிகளைத் துடைத்துவைப்போம் என்று போனேன். என் கடை ரயில் பெட்டி மாதிரி நீளம். இரண்டு பக்கச் சுவரிலும் இடுப்பிலிருந்து கூரைவரை கண்ணாடி. துடைப்பதற்கு வெள்ளைப் பசை ஒன்று உண்டு. பூசி, காயவிட்டு, பிறகு துணியால் தேய்க்க வேண்டும். இரண்டு சுவருக்கும் பூசிவிட்டு, வாசலில் நின்று போனில் பேசிவிட்டு வந்தேன்.

டீக்கன் பச்சையாக இருந்தார்.

வெறும் பச்சையா? மழைக்கு மறுநாள் புல் இருக்குமே, அந்தப் பச்சை. மூலையை விட்டு நடுக்கிளைக்கு வந்து, கால்களைத் தளர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் அப்படி உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. ஆனந்தத்தில் துணியை எடுத்துக் கண்ணாடியைத் தேய்க்க ஆரம்பித்தேன். ஒரு ஜன்னல் அளவுக்குத் துடைத்திருப்பேன். பின்னால் புஸ் என்று சத்தம். திரும்பினால் டீக்கன் உப்பி, கறுத்து, வாயைப் பிளந்துகொண்டு அந்தத் துடைத்த இடத்தையே பார்க்கிறார்.

கூண்டுக்குப் பக்கத்தில் குனிந்து, அவர் கண் இருக்கும் உயரத்துக்கு என் தலையைக் கொண்டுபோனேன். கண்ணாடிக்குள் ஒரு டீக்கன் தெரிந்தார். மற்ற கண்ணாடியையும் துடைத்துவிட்டு மறுபடி குனிந்தேன். எதிரும் புதிருமான கண்ணாடிகள் அல்லவா? ஒரு டீக்கனுக்குப் பின்னால் ஒரு டீக்கன், அவருக்குப் பின்னால் இன்னொரு டீக்கன். கண்ணுக்கு எட்டியவரை டீக்கன்கள். அத்தனை பேரும் கறுத்த முகத்தோடு இவரை முறைக்கிறார்கள். சொந்தக்காரன் ஒருவன் முறைத்தாலே நமக்குச் சோறு இறங்காது. இவரை ஒரு ஊரே முறைத்திருக்கிறது, காலையிலிருந்து கடை மூடும்வரை. "ஐயோ என் ராசா," என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன்.

கூண்டை வேறு எங்கே வைப்பது? பின்னறையில் முடி நேராக்கும் மருந்து நெடி. முன் ஜன்னலில் வெயில், அதோடு பக்கத்துக் கடைப் பூனை. வீட்டில் கிளிஃபோர்ட். கடைசியில் ஒன்றுதான் மிஞ்சியது. செவ்வாய்க்கிழமை காலை வீட்டு அலமாரியில் இருந்த வெள்ளைப் படுக்கை விரிப்புகளை எல்லாம் அள்ளிக்கொண்டு போய், இரண்டு சுவர்க் கண்ணாடிகளையும் ஒரு இடுக்கு விடாமல் மூடினேன். காலையில் வர வேண்டியவர்களை மத்தியானத்துக்கு மாற்றினேன். டவான்டா பல் டாக்டரிடம் போயிருந்தாள். கிண்ணத்தில் சுவர்க்கோழிகளைப் போட்டுவிட்டு, டீக்கனை ஏறெடுத்தும் பார்க்காமல், தலையைக் குனிந்து, கையைக் கட்டிக்கொண்டு முதல் நாற்காலியில் உட்கார்ந்தேன். மனசுக்குள் ஜெபம் ஓடியது.

என் புத்தி எங்கே போயிருந்தது என்று பிற்பாடு எல்லோரும் கேட்டார்கள். எங்கள் ஆட்களில் ஒரு வீட்டில் சாவு விழுந்தால் முதலில் செய்வது கண்ணாடிகளுக்கு வெள்ளைத் துணி போர்த்துவதுதான். சின்னக் குழந்தைக்கும் தெரியும். எனக்கும் தெரியும். ஆனால் அன்று காலை என் தலைக்குள் டீக்கனைத் தவிர யாருமே இல்லை.

சிஸ்டர் க்ரென்ஷா அந்த நேரத்தில் கடையைத் தாண்டிப் போயிருக்கிறார். முன் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தால், சுவரெல்லாம் வெள்ளைத் துணி. நடுவில் நான் தலை குனிந்து அசையாமல் உட்கார்ந்திருக்கிறேன். கிளிஃபோர்டின் நெஞ்சு ஆபரேஷன் ஊரறிந்த விஷயம். உள்ளே வந்து ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் அல்லவா? வெறுங்கையோடு துக்கத்துக்குப் போவதா என்று நேராக வீட்டுக்கு ஓடிப் போனை எடுத்திருக்கிறார். கிளிஃபோர்டின் போனுக்கும் அடித்திருக்கிறார். மீன் பிடிக்கப் போனால் அந்த மனிதர் போனை வண்டியிலேயே போட்டுவிட்டுப் போவார். மணி அடித்தது, ஆள் எடுக்கவில்லை. அதற்கு மேல் சாட்சி வேண்டுமா?

மத்தியானம் வாசல் மணி மெல்ல ஒலித்தது. சிஸ்டர் க்ரென்ஷா கையில் வெள்ளித்தாள் மூடிய தட்டோடு வந்தார். அவருக்குப் பின்னால் வரிசையாகப் பெண்கள். வறுத்த கோழி, அடுப்பில் வாட்டிய மக்ரோனி, காலர்ட் கீரை, உருளைக்கிழங்கு சாலட், இரண்டு பெரிய கேக். யாரும் சத்தம் போடவில்லை. செருப்புச் சத்தம்கூடக் கேட்காமல் நடந்து வந்தார்கள்.

நான் என்ன நினைத்தேன் தெரியுமா? பல் டாக்டர் நாற்காலியிலிருந்தே டவான்டா எல்லோருக்கும் போன் போட்டுவிட்டாள், டீக்கனுக்கு அமைதி வேண்டும் என்று சொல்லிவிட்டாள் என்று நினைத்தேன். சாப்பாடு கொஞ்சம் அதிகமாகத்தான் தோன்றியது. ஆனால் எங்கள் தெருவில் கால் சுளுக்கினாலும் கோழி வறுத்துக்கொண்டு வருவார்கள்.

"பாக்காதீங்க," என்று கிசுகிசுத்தேன். "யாரும் நிமிந்து பாக்காம உக்காருங்க. அது போதும்."

"நீ எதுவும் பேச வேண்டாம் கண்ணு," என்று சிஸ்டர் க்ரென்ஷா என் தோளை அழுத்தினார். "நாங்க இருக்கோம்."

எல்லோரும் உட்கார்ந்தார்கள். தலை குனிந்தார்கள். கண்ணை மூடினார்கள். கடை திறந்த நாளிலிருந்து அந்தச் சுவர்கள் கேட்காத அமைதி. இலையிலிருந்து தண்ணீர் சொட்டுவது கேட்டது. என் நெஞ்சு அடிப்பது கேட்டது. எத்தனை நல்ல பெண்கள், ஒரு பச்சோந்திக்காக வேலையைப் போட்டுவிட்டு வந்து மூச்சை அடக்கி உட்கார்ந்திருக்கிறார்களே என்று நினைத்தபோதே எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அப்போதுதான் கேட்டது. 'டப்' என்று ஒரு சின்னச் சத்தம். பிறகு மொறுக், மொறுக், மொறுக்.

நான் நிமிரவில்லை. மறுபடியும் 'டப்'. மறுபடியும் மொறுக். டீக்கன் சாப்பிடுகிறார்! இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதேன். "நன்றி ஆண்டவரே, நன்றி ஆண்டவரே," என்று வாய் தானாகச் சொன்னது.

"நன்றியா சொல்றா," என்று யாரோ விம்மினார்கள். "எப்பேர்ப்பட்ட விசுவாசம்!"

சிஸ்டர் க்ரென்ஷா என்னை மார்போடு அணைத்துக்கொண்டார். "அழுதுடு கண்ணு. நல்ல மனுஷன். கொஞ்சம் சோம்பேறி, ஆனா நல்ல மனுஷன்."

மனுஷனா என்று நான் நிமிரவும், பின் கதவு திறக்கவும் சரியாக இருந்தது. சேறு பூசிய பூட்ஸோடு, கையில் மீன் வாளியோடு கிளிஃபோர்ட் உள்ளே வந்தார். வெள்ளைத் துணிகளைப் பார்த்தார். கண்ணீரைப் பார்த்தார். தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டார்.

"யாரு செத்தது?"

"நீதான்!" என்று அலறினார் சிஸ்டர் க்ரென்ஷா.

ஒருத்தி நாற்காலியோடு சாய்ந்தாள். இன்னொருத்தி கேக் தட்டைக் கேடயம் போலப் பிடித்துக்கொண்டாள். நான் அழுகையும் சிரிப்புமாகக் கூண்டைக் காட்டி, கண்ணாடியைக் காட்டி, ஒருவழியாக விஷயத்தைச் சொல்லி முடித்தேன். கிளிஃபோர்ட் அதற்குள் கூண்டுக்கு எட்ட நின்று, ஒவ்வொரு வெள்ளித்தாளாகத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உருளைக்கிழங்கு சாலட் யாரு செஞ்சது?"

"நான்தான்," என்றார் சிஸ்டர் க்ரென்ஷா, மூக்கைத் துடைத்தபடி.

"அப்போ தைரியமா சாப்பிடலாம். என் சாவுக்கு இவ்வளவு சமைப்பீங்கன்னு தெரிஞ்சிருந்தா முன்னாடியே செத்திருப்பேனே."

"யோவ், வாயைக் கழுவு," என்று அவர் முதுகில் ஒன்று போட்டேன். அதற்குப் பிறகு கடையில் எழுந்த சிரிப்பு தெருக்கோடி வரை கேட்டிருக்கும். டீக்கன் ஒரு கண்ணால் எங்களைப் பார்த்தார், மூன்றாவது சுவர்க்கோழியை மென்றுகொண்டே. சத்தம் அவருக்கு ஒரு பொருட்டாகவே இல்லை.

அதன் பிறகு டீக்கன் தினமும் சாப்பிட்டார். இப்போது கஷ்டம் எனக்கு வந்தது. ஈஸ்டர் வாரத்தில் கண்ணாடி மூடிய பார்லர்! "என் முகத்தை நான் பாக்காம எப்படி?" என்று ஒருத்தி கேட்டாள். "இவ்வளவு நாளும் பாத்தியே, ஏதாவது மாறிச்சா?" என்று கேட்டேன், அவள் எதிர்க்கடைக்குப் போய்விட்டாள். இன்னும் இரண்டு பேரும் போனார்கள். டவான்டாவின் நாற்காலியும் காலியாக நின்றதைப் பார்த்தேன். போகிறவர்கள் போகட்டும் என்று வீறாப்பாகச் சொன்னேனே தவிர, கடையா டீக்கனா என்று ஒரு நாள் வந்தால் என்ன செய்வேன் என்று எனக்கே தெரியவில்லை.

சனிக்கிழமை ஜீனி தராசோடு வந்தார். டீக்கனைத் தூக்கி வைத்தார். முள் நகர்வதை நான் பார்க்கவில்லை. ஜீனியின் முகத்தைத்தான் பார்த்தேன். அது மலர்ந்தது.

"நல்லா ஏறியிருக்கான். ஆனா மிஸ் வெர்லீன், இந்தத் துணியை ஈஸ்டர் முடிஞ்சதும் எடுத்துடுவீங்கதானே? அப்புறம் இவன் கதி? இப்பவே நான் கூட்டிட்டுப் போறதுதான் நல்லதோ என்னவோ."

என் நாற்காலியில் சிஸ்டர் க்ரென்ஷா இருந்தார், சுவருக்கு முதுகு காட்டி, என்னைப் பார்த்தபடி. அந்த வாரம் நாற்காலிகளை அப்படித்தான் திருப்பிப் போட்டிருந்தோம். கடைசிச் சுருளை அவிழ்த்துவிட்டு, கைக்கண்ணாடியை எடுத்து அவரிடம் நீட்டினேன். அவர் வாங்கி மடியில் கவிழ்த்து வைத்தார்.

"நீயே சொல்லு. நாளைக்கு சர்ச்சுக்குப் போற மாதிரி இருக்கேனா?"

"ராணி மாதிரி இருக்கீங்க சிஸ்டர்."

"அப்போ கண்ணாடி எதுக்கு?" என்றார், ஜீனிக்குக் கேட்கும்படி உரக்க. "துணி அங்கயே இருக்கட்டும். எங்க சர்ச் பொம்பளைங்க இங்கதான் வருவாங்க. வரலைன்னா ஏன்னு நான் கேக்கறேன்."

அவர் கேட்டால் யாராலும் பதில் சொல்ல முடியாது என்பது ஜீனிக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். டீக்கன் என் கையிலிருந்து தோளுக்கு ஏறினார். ஜீனி காலிப் பெட்டியை மூடி எடுத்துக்கொண்டு, சிரித்தபடி கிளம்பினார்.

சிஸ்டர் க்ரென்ஷா எழுந்திருக்கவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எத்தனை வருஷமா உன்கிட்ட தலையைக் குடுக்கறேன் வெர்லீன். எப்பவும் கண்ணாடியில என்னைத்தான் பாத்திருக்கேன். உன்னை இப்பதான் நேரா பாக்கறேன். முகமே வத்திப்போயிருக்கேடி." குரலைத் தாழ்த்தினார். "நீ சாப்பிட்டியா?"

காலையிலிருந்து நான் எதுவுமே சாப்பிடவில்லை என்பது அவர் கேட்ட பிறகுதான் எனக்கே தெரிந்தது.